அகராதியில் அண்டை வீட்டார்

ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் ஒரே பெயருடைய இருவர் குடியிருந்தால் தபால்காரர் படும் பாடு சொல்லி முடியாது. ஒருவருக்கு வந்த கடிதம் மற்றவர் கைக்குப் போய்விடும். ஆங்கில அகராதியும் அப்படிப்பட்ட ஒரு நீண்ட தெருவே. அங்கே அகர வரிசையில் அடுத்தடுத்துக் குடியிருக்கும் சொற்கள் பல, உருவத்தில் உடன்பிறந்தார் போலவும் பொருளில் அயலார் போலவும் இருக்கின்றன. சில சொற்கள் எழுத்தில் வேறுபட்டு ஒலியில் ஒன்றுகின்றன. சில எழுத்தில் ஒன்றி ஒலியில் வேறுபடுகின்றன. தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வந்த நம்மில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுவே.

நான் விழுந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாண்டு ஆங்கில வகுப்பில் பேராசிரியர் ஒரு பத்தியைக் கொடுத்து எழுந்து படிக்கச் சொன்னார். 'நேஷனல் கேடட் கோர்' என்று படிக்க வேண்டிய இடத்தில், எழுத்துகளை ஒன்றுவிடாமல் கூட்டி, 'நேஷனல் கேடட் கோர்ப்ஸ்' என்று உரக்கப் படித்தேன். 'தேசிய மாணவர் படை'யை நான் 'தேசிய மாணவர் பிணம்' ஆக்கிவிட்டதாக முன்வரிசை நண்பர் ஒருவர் சொல்ல, வகுப்பே சிரித்தது. அன்று காலைதான் அந்தப் படையின் சீருடை அணிந்து அணிவகுப்பில் நின்றுவிட்டு வந்திருந்தேன். பேராசிரியர் சிரிக்கவில்லை. "அகராதியில் அந்தச் சொல்லையும் பார், அதற்கு அடுத்த சொல்லையும் பார்" என்று மட்டும் சொன்னார். சிரிப்புக்கு அஞ்சி இரண்டு மாதம் அவ்வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் நூலகத்தில் அகராதியைத் திறந்தேன். அன்று முதல் ஒரு சொல்லைப் பார்த்தால் அதன் அடுத்த வீட்டையும் எட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று. அப்பழக்கத்தால் கிடைத்தவற்றுள் சிலவற்றை உடன் பயிலும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலச் சொற்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தமிழ் எழுத்தில் அடங்காத ஒலி வருமிடத்தில் விளக்கம் தருகிறேன்.

1. நிகண்டும் அகராதியும்

சொற்களை அகர வரிசையில் அடுக்குவது நமக்கு இன்று இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் நம் முன்னோர் சொற்களைப் பொருள் வகையில்தான் அடுக்கினர். திவாகரம் முதலிய நிகண்டுகளில் தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கட் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்கின் பெயர்கள் ஒரு தொகுதி என்று இருக்கும். அங்கே அடுத்தடுத்து நிற்கும் சொற்கள் பொருளால் உறவினர். யானையின் பெயர்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடி நிற்கும். மாணவர் அவற்றை மனப்பாடம் செய்தனர்.

இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் 'சதுரகராதி'யைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளிலும் சொற்கள் அகர வரிசையில் நின்றன. ஆங்கிலத்தில் இவ்வகை நூல்களுள் முதன்மையானது 1604-ஆம் ஆண்டில் ராபர்ட் காட்ரி வெளியிட்டது. அதில் ஏறத்தாழ 2,500 சொற்களே இருந்தன. அக்காலத்து ஆங்கிலேயருக்கும் அகர வரிசை பழக்கமில்லாததால், எழுத்துகளின் வரிசையை முதலில் மனத்தில் கொள்ளுமாறு அவர் வாசகருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அகர வரிசை வந்ததும் தேடுவது எளிதாயிற்று. ஆனால் உறவு மாறியது. நிகண்டில் அண்டையில் இருப்பவர் பொருளால் உறவினர். அகராதியில் அண்டையில் இருப்பவர் எழுத்தால் மட்டும் உறவினர். எழுத்துறவைப் பொருளுறவு என்று மயங்குவதால்தான் நம் பிழைகள் பிறக்கின்றன.

2. ஒலி ஒன்று, எழுத்து இரண்டு

முதலில் காதுக்கு வேறுபாடே தெரியாத அண்டை வீட்டாரைப் பார்ப்போம்.

பிரின்சிபல்: இந்த ஒலிக்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்றின் இறுதியில் 'ஏ, எல்' என்னும் எழுத்துகள் வரும். மற்றொன்றின் இறுதியில் 'எல், ஈ' வரும். ஏ வரும் சொல்லுக்கு முதன்மையான என்பது பொருள். கல்லூரி முதல்வரையும் அது குறிக்கும். வட்டிக்குக் கொடுத்த பணத்தின் அசலையும் குறிக்கும். ஈ வரும் சொல் எப்போதும் பெயர்ச்சொல்லே. கொள்கை, தத்துவம், விதி என்பன அதன் பொருள்கள். இயற்பியல் மாணவர் படிக்கும் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்திற்கு ஈ-தான் வரும். இரண்டு சொற்களும் 'முதலாவது' என்று பொருள்படும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை.

விடுப்பு விண்ணப்பத்தில் முதல்வரைக் 'கொள்கை'யாக்கி எழுதுவது நம் விடுதிகளில் நாள்தோறும் நடப்பது. இதை மறவாமல் இருக்க நான் கண்ட வழி: ஆங்கில நெடுங்கணக்கில் முதல் எழுத்து ஏ, ஆகவே முதல்வருக்கு முதல் எழுத்து. முதல் எனப்படும் அசலுக்கும் அதுவே.

ஸ்டேஷனரி: இதிலும் இரண்டு. இறுதிப் பகுதியில் ஏ வந்தால் அசையாமல் நிற்கும் என்று பொருள். ஈ வந்தால் தாள், உறை, எழுதுகோல் முதலிய எழுதுபொருள்கள். நின்றுகொண்டிருக்கும் பேருந்துக்கு ஏ. கடையில் வாங்கும் தாளுக்கு ஈ. 'என்வலப்' என்னும் உறையின் முதல் எழுத்தும் ஈ என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இவ்விரண்டு சொற்களுக்கும் பிறவியில் ஓர் உறவு உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சென்று விற்ற வணிகர்களே பலர். பல்கலைக்கழகங்களின் அருகில் நிலையாகக் கடை வைத்து நூல் விற்றவர்களை 'நிலைத்து நிற்பவர்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் குறித்தனர். அதிலிருந்து வந்ததே 'ஸ்டேஷனர்' என்னும் சொல். நூலும் தாளும் விற்ற இவர்களின் சங்கம் 1557-ஆம் ஆண்டில் லண்டனில் அரச பட்டயம் பெற்றது. ஆக, நிற்பவர் விற்ற பொருள் ஸ்டேஷனரி ஆயிற்று.

கான்வஸ்: இறுதியில் ஓர் எஸ் மட்டும் வந்தால் முரட்டுத் துணி. கூடாரமும் ஓவியச் சீலையும் அத்துணியே. இரண்டு எஸ் வந்தால் வாக்குக் கேட்டல். வாக்குக் கேட்பவர் இரு கைகளையும் கூப்புகிறார். எனவே இரண்டு எஸ்.

இத்தகைய இணைகளில் நாவுக்குத் தொல்லை இல்லை; எழுதும் கைக்குத்தான் தொல்லை. இக்காலத்தில் கணிப்பொறி எழுத்துப் பிழையைத் திருத்திவிடும் என்று நாம் நம்பிவிடுகிறோம். ஆனால் இரண்டும் அகராதியில் உள்ள சொற்களே ஆதலால், எழுத்தை மட்டும் சரிபார்க்கும் கருவி எதையும் பிழையென்று காட்டாது. பொருள் அறிந்தவனே திருத்த முடியும்.

3. பெயரும் வினையும்

அட்வைஸ்: 'அறிவுரை' என்னும் பெயர்ச்சொல்லில் இறுதிக்கு முன் சி வரும், 'அறிவுரை கூறு' என்னும் வினைச்சொல்லில் எஸ் வரும். 'டிவைஸ்' என்பதும் அவ்வாறே. சி வந்தால் கருவி அல்லது உபாயம்; எஸ் வந்தால் திட்டமிட்டு உருவாக்கு. அகராதியில் இவ்விரண்டு டிவைஸுக்கும் நடுவில் 'டெவில்' என்னும் சாத்தான் உட்கார்ந்திருப்பதை நண்பர்கள் பார்க்கலாம். 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' ஆகியவற்றிலும் ஆங்கிலேயர் வழக்குப்படி பெயருக்கு சி, வினைக்கு எஸ். அமெரிக்கர் இவ்விரு சொற்களில் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டனர்.

இதற்கு நம் இலக்கணமே துணை செய்யும். பெயர், வினை, இடை, உரி என்பது தமிழ்ச் சொல்லின் வரிசை. ஆங்கில எழுத்து வரிசையில் சி முன்னது, எஸ் பின்னது. முன்னதாகிய பெயருக்கு முன்னதாகிய சி. பின்னதாகிய வினைக்குப் பின்னதாகிய எஸ். இவ்வளவே.

பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் எழுத்து மாறினாலும் ஒலி மாறாது. அட்வைஸ், டிவைஸ் இரண்டிலும் ஒலியும் மாறும். பெயர்ச்சொல்லின் இறுதி ஒலி நம் 'ஸ்' போன்றது. வினைச்சொல்லின் இறுதி ஒலி நெடுங்கணக்கின் கடைசி எழுத்தான இசட்டின் ஒலி. தமிழில் இதற்கு எழுத்து இல்லை. தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்று நீட்டிப் பாருங்கள், அதிர்வு இராது. அடுத்து வண்டு முரல்வது போல ஒலித்துப் பாருங்கள். விரல் நுனியில் அதிர்வு தெரியும். நாக்கு இருக்கும் இடம் இரண்டிற்கும் ஒன்றே. தொண்டை அதிர்வதும் அதிராததுமே வேறுபாடு. 'பஸ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இறுதி ஒலி அதிராவிட்டால் வண்டி. அதிர்ந்தால் வண்டின் முரல்வு.

இந்த வேறுபாடு நம் காதில் விழாதது ஏன்? அறிவுக் குறைவு காரணமன்று. தமிழின் ஒலியமைப்பே காரணம். 'கல்' என்பதில் ககரம் அதிராமல் ஒலிக்கிறது. 'சங்கு' என்பதில் அதிர்ந்து ஒலிக்கிறது. 'பல்', 'அம்பு' என்பவற்றின் பகரமும் அப்படியே. எந்த இடத்தில் அதிர வேண்டும், எந்த இடத்தில் அதிர வேண்டாம் என்பதைச் சொல்லில் எழுத்து நிற்கும் இடமே முடிவு செய்துவிடுகிறது. ஆதலால் தனி எழுத்து தேவைப்படவில்லை. அதிர்வு மாறினால் பொருள் மாறும் என்னும் அச்சமும் நமக்கு இல்லை. ஆங்கிலத்திலோ அதிர்வு மாறினால் சொல்லே மாறிவிடும். தாய்மொழி காட்டாத வேறுபாட்டைக் காது தானாகக் கேட்காது; பயிற்சியால்தான் கேட்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறிவுரை என்னும் அட்வைஸுக்கு ஆங்கிலத்தில் பன்மை இல்லை. நாம் தாராளமாக 'அட்வைஸஸ்' என்று எழுதிவிடுகிறோம். எத்தனை அறிவுரை சொன்னாலும் அவர்கள் கணக்கில் அது ஒருமையே.

பிரெத், பிரீத் என்பன மற்றோர் இணை. முன்னது மூச்சு, அதனோடு ஓர் ஈ சேர்ந்தால் மூச்சு விடு என்னும் வினை. துணி என்னும் 'கிளாத்' ஈ பெற்றால் உடுத்து என்னும் 'கிளோத்' ஆகும். குளியல் என்னும் 'பாத்' ஈ பெற்றால் 'பேத்' ஆகும். ஈ சேரும்போது உயிரொலி மாறுவதோடு இறுதி மெய்யும் அதிர்வு பெறுகிறது. இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. 'அது', 'இது' என்று நாம் இயல்பாகப் பேசும்போது வரும் மெல்லிய தகர ஒலி, ஆங்கிலேயரின் அதிர்வுள்ள அந்த ஒலிக்கு மிக நெருங்கியது. எல்லா ஒலியையும் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. சில நம் வீட்டிலேயே இருக்கின்றன.

4. அழுத்தம் செய்யும் வேலை

'டெஸர்ட்' என்றால் பாலைவனம். முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு இரண்டாம் அசையை அழுத்தி 'டிஸர்ட்' என்றால் கைவிட்டு ஓடு என்னும் வினை. படையை விட்டு ஓடியவனைப் பற்றிச் சொல்லும்போது இது வரும். ஒன்றிரண்டு பக்கம் தள்ளி இரண்டு எஸ்ஸோடு நிற்கும் 'டிஸர்ட்' விருந்தின் முடிவில் உண்ணும் இனிப்பு. இதன் ஒலி வினைச்சொல்லின் ஒலியே. மூன்றிலும் நடுவில் வரும் எஸ், இசட் போலவே ஒலிக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கைவிடப்பட்ட நிலம் என்பதே பாலைவனத்திற்கு இலத்தீன் இட்ட பெயர். எனவே பாலைவனமும் கைவிடுதலும் ஒரே வேரின. இனிப்பின் பெயரோ, உணவு மேசையிலிருந்து பாத்திரங்களை எடுத்துத் துப்புரவு செய்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மேசையைத் துப்புரவு செய்த பின் வைப்பது ஆதலின் அப்பெயர். இனிப்பு இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்பவருக்கு இரண்டு எஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் அழுத்தம் மாறினால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. 'ஓடு' என்பது கூரை ஓடாக இருந்தாலும், ஓடுகின்ற வினையாக இருந்தாலும் ஒலி ஒன்றே. ஆங்கிலத்திலோ இத்தகைய ஈரசைச் சொற்கள் பலவற்றில், பெயராயின் முதல் அசை அழுத்தம் பெறும். வினையாயின் இரண்டாம் அசை அழுத்தம் பெறும். ரெக்கார்ட், கண்டக்ட், பெர்மிட், எக்ஸ்போர்ட், ஆப்ஜெக்ட் ஆகியன எடுத்துக்காட்டுகள். எல்லா அசைகளையும் ஒரே அளவில் ஒலித்துச் செல்லும் நம் பழக்கத்தால்தான், இலக்கணம் பிழையில்லாமல் இருந்தும் நாம் பேசுவது வெளியாருக்கு விளங்காமல் போகிறது.

அடுத்து, இறுதியில் ஈ வந்து அழுத்தத்தை இழுத்துச் செல்லும் இணைகள் சில:

மாரல் என்றால் ஒழுக்கம் சார்ந்தது. அழுத்தம் முதல் அசையில். ஈ சேர்ந்தால் மொரால். அழுத்தம் இரண்டாம் அசையில். ஒரு குழுவின் மன உறுதியை அது குறிக்கும். தோற்ற அணியின் மொரால் தளரும். மாரல் தளர்ந்தால் அது வேறு செய்தி.

ஹ்யூமன் என்றால் மனிதனுக்குரிய; ஈ சேர்ந்தால் ஹ்யூமெய்ன், அதாவது இரக்கமுள்ள. மனிதர் யாவரும் முன்னது. பின்னதாக இருப்போர் சிலரே.

பெர்சனல் என்றால் சொந்த. என் என்னும் எழுத்து இரட்டித்து, ஏ மாறி ஈ ஆனால் பெர்ஸொனெல், அதாவது பணியாளர் குழு. இதில் அழுத்தம் கடைசி அசைக்குப் போய்விடுகிறது. அலுவலகத்தில் பணியாளர் பிரிவு எங்கே என்று கேட்க நினைத்துச் சொந்தப் பிரிவு எங்கே என்று கேட்டுவிடக் கூடாது.

5. எழுத்து இருக்கும், ஒலி இராது

இப்போது என்னை விழவைத்த சொல்லுக்கு வருவோம். படை, அணி என்று பொருள்படும் 'கோர்' என்னும் சொல்லின் இறுதியில் இரண்டு எழுத்துகள் ஒலியின்றி நிற்கின்றன. ஒருமையிலும் பன்மையிலும் எழுத்து ஒன்றே. பன்மையில் மட்டும் எஸ் உயிர்பெற்று, இசட் ஒலியோடு முடியும். இதனோடு ஓர் ஈ சேர்ந்தால் எல்லா மெய்களும் விழித்துக்கொண்டு 'கோர்ப்ஸ்' ஆகிவிடும்; பொருள் பிணம். உயிருள்ள படையின் பெயரில் எழுத்துகள் உறங்குகின்றன. உயிரற்ற உடலின் பெயரில் அவை ஒலிக்கின்றன.

இரண்டும் உடல் என்று பொருள்படும் 'கார்ப்பஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. படை என்பது பலர் சேர்ந்து ஓருடலாக இயங்குவது. பிரெஞ்சு வழியாக வந்ததால் பிரெஞ்சுக்காரரின் ஒலிப்பைக் கொண்டது. அந்தப் பக்கம் முழுவதையும் நூலகத்தில் பார்த்தேன். ஓருடலாகச் சட்டம் ஏற்கும் அமைப்பான கார்ப்பரேஷன், உடலுக்குத் தரும் தண்டனையைக் குறிக்கும் கார்ப்பரல், பருத்த உடலைக் குறிக்கும் கார்ப்புலன்ட், தொகுத்த நூற்பரப்பைக் குறிக்கும் கார்ப்பஸ் என்று ஒரு தெருவே உறவினராக இருந்தது. அகராதியில் அரிதாக நிகண்டைப் போன்ற பக்கங்களும் உண்டு என்பதை அன்று கண்டேன். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நம் தேசிய மாணவர் படையின் பெயரில் இருப்பது இந்தக் 'கோர்'தான். தோளில் அணிந்த சொல்லின் பொருளை ஒரு சிரிப்பொலிக்குப் பின்னரே நான் அறிந்தேன்.

கர்னல் என்னும் சொல் இதைவிட வியப்பானது. அகராதியில் இது காலன் என்னும் நிறுத்தக் குறிக்கும் காலனி என்னும் குடியேற்றத்திற்கும் நடுவில் நிற்கிறது. எழுத்தைப் பார்த்துப் படித்தால் 'காலனல்' என்றே படிக்கத் தோன்றும். ஒலிப்பதோ கர்னல். எழுத்தில் இல்லாத ரகரம் எங்கிருந்து வந்தது? இத்தாலியர் படையணியின் தலைவனை லகரத்தோடு அழைத்தனர். பிரெஞ்சுக்காரர் வாயில் அது ரகரமாயிற்று. ஆங்கிலேயர் 16-ஆம் நூற்றாண்டில் ரகரத்தோடு பெற்றனர். பின்னர் மூலச் சொல்லை ஒட்டி எழுத வேண்டுமென்று லகரத்தை எழுத்தில் புகுத்தினர். நாவோ ரகரத்தை விடவில்லை.

இதில் நாம் மகிழ வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆங்கில எழுத்து அறியாத நம் ஊர்ப் பெரியவர்களும் கர்னல் என்று சரியாகவே சொல்கின்றனர். நம் நாளேடுகளும் அப்படியே அச்சிடுகின்றன. காதால் கற்றவர் தவறவில்லை. கண்ணால் மட்டும் கற்பவரே தவறுகின்றனர்.

6. ஒரே அடி, வேறு வேறு விகுதி

ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைத்து அடுத்தடுத்து நிற்கும் பெயரடைகள் மற்றொரு வகை. இங்கே ஒலியில் குழப்பமில்லை, பொருளில்தான் குழப்பம்.

ரெஸ்பெக்டபிள் என்றால் மதிக்கத் தக்க. ரெஸ்பெக்ட்ஃபுல் என்றால் பிறரை மதிக்கின்ற. ரெஸ்பெக்டிவ் என்றால் அவரவருக்கு உரிய. முதலாவது மதிப்பைப் பெறுபவர். இரண்டாவது மதிப்பைத் தருபவர். மூன்றாவதில் மதிப்பே இல்லை. விண்ணப்பத்தின் முடிவில் பணிவோடு கையெழுத்திட நினைத்து மூன்றாவதை எழுதினால், 'அவரவருக்கு உரிய முறையே தங்கள் மாணவன்' என்று பொருள்படும்.

கன்சிடரபிள் என்றால் கணிசமான. கன்சிடரேட் என்றால் பிறர் நலம் கருதுகின்ற. இண்டஸ்ட்ரியல் என்றால் தொழில்துறை சார்ந்த. இண்டஸ்ட்ரியஸ் என்றால் உழைப்பு மிக்க. ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றில் சிறப்புப் பெற்ற. ஹிஸ்டாரிகல் என்றால் வரலாறு பற்றிய. பழைய நாவல் ஒன்று வரலாறு பற்றியதாக இருக்கலாம். வரலாற்றில் இடம்பெற வேண்டுமென்பதில்லை.

லூஸ் என்பதையும் இங்கே சேர்க்கலாம். இரண்டு ஓ வந்தால் தளர்ந்த. இறுதி ஒலி அதிராது. ஓர் ஓ வந்தால் இழந்துவிடு. இறுதி ஒலி அதிரும். இரண்டிற்கும் நடுவில் அகராதியில் 'லாரி' நிற்கிறது. அதைத் தாண்டும்போது ஓர் ஓவை இழந்துவிடுகிறோம் என்று கொள்க.

7. இந்த முரண் ஏன்?

எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்னும் நிலை ஆங்கிலத்திற்கு எப்படி வந்தது? வில்லியம் காக்ஸ்டன் 1476-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சுத் தொழிலைத் தொடங்கினார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல நிலைபெறத் தொடங்கியது. ஆனால் அதே காலத்தில் ஒலிகள் மாறிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் யாவும் இடம்பெயர்ந்தன. இன்று 'நேம்' என்னும் சொல் அன்று 'நாம' என்பது போல ஒலித்தது. 'டைம்' அன்று 'டீம'. 'ஹவுஸ்' அன்று 'ஹூஸ்'. எழுத்து நின்றுவிட்டது, ஒலி நடந்துபோயிற்று.

இரண்டாவது காரணம், ஒலிகள் உதிர்ந்தது. கத்தி, முடிச்சு, முழங்கால், அறிதல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் கே என்னும் எழுத்தில் தொடங்கி ஒரே பக்கத்தில் நிற்கின்றன. ஒரு காலத்தில் அந்தக் கே ஒலித்தது. ஒலி உதிர்ந்த பின்னும் எழுத்து காவல் காக்கிறது.

மூன்றாவது காரணம், புலவர்களின் ஆசை. கடன் என்று பொருள்படும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ஏ-க்கு அடுத்த எழுத்தான பி இல்லை. இலத்தீன் மூலத்தில் அது உண்டு என்பதைக் காட்டுவதற்காகப் பின்னால் செருகினர். அது ஒருநாளும் ஒலிக்கவில்லை.

இதைத் திருத்த முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தம் நூல்களிலும் 1828-இல் வெளியிட்ட அகராதியிலும் சில சொற்களை எளிமைப்படுத்தினார். 1950-இல் மறைந்த பெர்னார்ட் ஷா, புதிய எழுத்துமுறை ஒன்றை உருவாக்குவதற்காகத் தம் உயிலில் பணம் ஒதுக்கினார். அவ்வெழுத்தில் அவருடைய நாடகம் ஒன்று 1962-இல் அச்சானது. வழக்கில் அது நிலைக்கவில்லை.

இவ்வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலச் சொல்லைத் தவறாகப் படித்த மாணவன், குற்றம் முழுவதும் தன்னுடையது என்று எண்ணித் தலைகுனிகிறான். எழுதியபடி ஒலிக்க முயன்றதே அவன் செய்த பிழை. அது ஒழுங்கான மொழி ஒன்றைத் தாய்மொழியாகப் பெற்றவன் செய்யும் பிழை. ஒலி பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியம் பிறப்பியல் என்னும் தனி இயலாகவே வகுத்திருக்கிறது. ஒலியை ஆராய்வது நமக்குப் புதிதன்று. அந்தக் கவனத்தை ஆங்கிலத்திடமும் செலுத்தினால் போதும்.

8. நாம் செய்யத் தக்கது

ஒரு சொல்லைப் பார்க்கும்போது நான்கைக் கவனிக்க வேண்டும்: அது பெயரா வினையா, அழுத்தக் குறி எந்த அசையில் உள்ளது, பொருள் என்ன, அடுத்த வீட்டுச் சொல் எது. டேனியல் ஜோன்ஸ் 1917-இல் தொகுத்த ஒலிப்பகராதியின் வழிவந்த பதிப்புகள் ஒலிப்புக்கும், ஹார்ன்பி முதலியோர் தொகுத்து 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட மாணவர் அகராதியின் வழிவந்த பதிப்புகள் வழக்குக்கும் உதவும்.

இன்று கைப்பேசியில் சொல்லைத் தட்டினால் ஒலிப்பே காதில் கேட்கிறது. நம் முன் பயின்றவர்களுக்குக் கிட்டாத பேறு இது, பயன்படுத்தாமல் விடக்கூடாது. ஆனால் கைப்பேசி நாம் கேட்ட சொல்லை மட்டுமே காட்டுகிறது. தாளில் அச்சான அகராதியோ, வேண்டிய வீட்டுக்குப் போகும் வழியில் தெரு முழுவதையும் காட்டுகிறது. காதுக்குக் கைப்பேசியும் கண்ணுக்கு நூலக அகராதியும் என்று இரண்டையும் கொள்வதே நன்று. நாளுக்கு ஓர் இணை என்றால் ஒரு கல்வியாண்டில் நூறு இணைகளுக்குக் குறையாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்தால் பிழை வரும்; பிழை வந்தால் சிரிப்பர். நான் பேசாமல் இருந்த அந்த இரண்டு மாதங்களில் என்னை யாரும் சிரிக்கவில்லை; ஆனால் நான் ஒரு சொல்லையும் சரியாகச் சொல்லக் கற்கவுமில்லை. மூன்றாம் மாதம் நானே எழுந்து படிக்க இசைவு கேட்டேன். அன்றும் இரண்டு பிழைகள் வந்தன. அவற்றின் அண்டை வீட்டாரையும் அன்று மாலையே தெரிந்துகொண்டேன்.

பயிற்சி

(அ) முதல்வர், அசல், தத்துவம் ஆகிய மூன்றில் ஈ எழுத்தில் முடிவது எது?
(ஆ) அறிவுரை, அறிவுரை கூறு ஆகிய இரண்டில் இறுதி ஒலி அதிர்வது எது?
(இ) வாக்குக் கேட்பவருக்கு எத்தனை எஸ்?
(ஈ) பாலைவனம், கைவிடுதல், இனிப்பு ஆகிய மூன்றில் முதல் அசை அழுத்தம் பெறுவது எது?
(உ) படையின் பெயரில் ஒலிக்காத எழுத்துகள் எத்தனை?

விடைகள் மேலே உள்ளன. ஆயினும் நூலகத்தில் அகராதியைப் புரட்டிச் சரிபார்த்துக் கொள்ளுமாறு நண்பர்களை வேண்டுகிறேன். ஒவ்வொரு விடைக்கும் அண்டையில் நான் சொல்லாமல் விட்ட சொல் ஒன்றாவது காத்திருக்கும். இக்கட்டுரையில் பிழை காணும் ஆசிரியப் பெருமக்கள் அதை எடுத்துக் காட்டினால் நன்றியுடன் திருத்திக் கொள்வேன்.